நகல்வழிப் பயிற்சி (தைல வண்ண உருவப்படம்)

நகல்வழிப் பயிற்சி என்பது முன்னோடி ஓவியர் ஒருவரின் படத்தை எதிரில் வைத்து, அதை அடுக்கடுக்காகத் தீட்டித் தைல வண்ண உருவப்படக் கலையைக் கற்கும் முறை. முகச்சாயல் பொருந்துவதைவிட, மூல ஓவியர் எந்தப் பூச்சை எதன்மேல் இட்டார் என்று கண்டறிவதே இதில் முதன்மையானது.

செய்முறை

கட்டம் போட்டுக் கோட்டுருவம் கித்தானுக்கு மாற்றப்படும். மெல்லிய பழுப்புப் பூச்சின்மேல் ஒளியும் நிழலும் ஒற்றை நிறத்தில் அமைக்கப்படும். அது உலர்ந்தபின் தோல் நிறங்களும், இறுதியில் அடிநிறம் தெரியும் மென்பூச்சுகளும் வரும். அடிப்பூச்சுகளில் டர்பன்டைனும் மேற்பூச்சுகளில் ஆளிவிதை எண்ணெயும் மிகுந்திருக்க வேண்டும். எண்ணெய் மிகுந்த பூச்சு மெதுவாக இறுகும். அது அடியில் இருந்தால் மேற்பரப்பு வெடிக்கும்.

ஐரோப்பாவில்

தேர்ந்த ஓவியர்களும் நகலெடுத்தனர். ரூபன்ஸ் 1628-29இல் மாட்ரிட்டில் தீஷனின் ஓவியங்களை நகலெடுத்தார். பாரிசின் லூவர் அருங்காட்சியகம் 1793இல் திறக்கப்பட்டதிலிருந்தே நகலெடுப்போரை அனுமதித்து வருகிறது. அங்கே நகல் போலியாக விற்கப்படாதிருக்க, அதன் அளவு மூலத்திலிருந்து வேறுபட வேண்டும். மூல ஓவியரின் கையொப்பத்தை இடக் கூடாது.

தென்னாட்டில்

திருவிதாங்கூர் அரண்மனை ஓவியர்களில் மதுரை அழகிரி நாயுடு குறிப்பிடத்தக்கவர். கிளிமானூரில் 1848இல் பிறந்த ஓவியர் ரவிவர்மா, பதின்பருவத்தில் அவ்வரண்மனைக்கு வந்தார். அரண்மனை ஓவியர் ராமசாமி நாயுடு அவருக்குத் தைல வண்ணம் கற்பிக்க மறுத்தார். நாயுடுவின் உதவியாளர் ஆறுமுகம் பிள்ளை ரகசியமாக உதவினார். 1868இல் வந்த ஐரோப்பிய ஓவியர் தியோடர் ஜென்சன், தாம் தீட்டுவதை ரவிவர்மா பார்க்க மட்டுமே இசைவு தந்தார். அரண்மனையிலிருந்த ஐரோப்பியப் படங்களைக் கூர்ந்து பார்த்தும் தாமே சோதித்தும் ரவிவர்மா எஞ்சியதைக் கற்றார். 1873இல் சென்னைக் கண்காட்சியில் ஆளுநரின் தங்கப் பதக்கம் பெற்றார்.

இன்றைய தூத்துக்குடி மாவட்டத்துக் கோவில்பட்டியில், சென்னை ஓவியப் பள்ளியில் பயின்ற சி. கொண்டையராஜு (1898-1976) தங்கி நாட்காட்டிப் படங்கள் தீட்டினார். டி. எஸ். சுப்பையா, எம். ராமலிங்கம் முதலியோர் அவரிடம் தொழில் பழகினர். அவர்கள் வரைந்தவை சிவகாசி அச்சகங்கள் வழியே அச்சுப்படிகளாக வீடுகளுக்கும் கடைகளுக்கும் சென்றன.

வரம்புகள்

அச்சுப்படியை நகலெடுத்தால் உருவ அமைப்பும் நிறச் சேர்க்கையும் ஓரளவு பிடிபடும். பூச்சின் தடிப்பும் தூரிகை ஓட்டமும் அடிநிறமும் தெரியா. மூலத்தையே நகலெடுத்தாலும், எதை விடுவது, ஒளி எங்கே விழ வேண்டும் என்ற முடிவுகளை முன்னவரே எடுத்து முடித்திருப்பார். அவற்றைத் தானே எடுக்கப் பழக, எதிரில் அமர்ந்திருக்கும் ஆளை நேரில் பார்த்துத் தீட்ட வேண்டும். ஆகவே ஓவியப் பள்ளிகளில் நகலெடுப்பு தொடக்கப் பாடமாகவும், ஆளைப் பார்த்து வரைவது அதற்கடுத்த நிலையாகவும் வைக்கப்பட்டன.