ஜெயிச்ச டீம் மேல கட்டியும் பணம் போச்சே..! என்எஃப்எல் பிளே-ஆஃப் பந்தயங்களில் ‘ஸ்ப்ரெட்’ என்றால் என்ன?

2018 ஜனவரி 14. அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் மினசோட்டா வைக்கிங்ஸ் - நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் அணிகள் மோதிய என்எஃப்எல் பிளே-ஆஃப் ஆட்டம். முதல் பாதியில் 17-0 என முன்னிலையில் இருந்த வைக்கிங்ஸ், கடைசி நிமிடத்தில் 23-24 எனப் பின்தங்கிவிட்டது. மிச்சம் இருந்தது 10 விநாடிகள். கேஸ் கீனம் வீசிய பந்தை ஸ்டெஃபான் டிக்ஸ் தாவிப் பிடித்தார். தடுக்க வந்த செயின்ட்ஸ் வீரர் அவரைத் தொடாமலே கீழே விழ, ஆளே இல்லாத பக்கமாக ஓடிப்போய் டச் டவுன் அடித்தார் டிக்ஸ். நேரமும் முடிந்தது. 29-24. வைக்கிங்ஸ் வெற்றி!

இன்று வரை ‘மினியாபொலிஸ் மிராக்கிள்’ என்று கொண்டாடப்படும் இந்த ஆட்டத்தில், வைக்கிங்ஸ் ஜெயிக்கும் என்று பணம் கட்டியவர்களில் பலருக்கு ஒரு பைசா கூடக் கிடைக்கவில்லை. தோற்றுப்போன செயின்ட்ஸ் மேல் கட்டியவர்களுக்குப் பணம் வந்தது. எப்படி?

காரணம், அரைப் புள்ளி.

முதலில் ஒரு விஷயம். இங்கே ‘ஃபுட்பால்’ என்பது மெஸ்ஸி, ரொனால்டோ ஆடும் கால்பந்து அல்ல. அதை அமெரிக்கர்கள் ‘சாக்கர்’ என்பார்கள். அவர்கள் ஃபுட்பால் என்று சொல்வது, ஹெல்மெட் போட்டுக்கொண்டு முட்டை வடிவப் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடும் ஆட்டம். காலுக்கு அதில் வேலை கொஞ்சம்தான். பெயர் வைத்தவர்களைத்தான் கேட்க வேண்டும்.

ஸ்ப்ரெட் என்றால் என்ன?

தெருவில் ஓட்டப்பந்தயம் வைக்கும்போது சின்னப் பையனைப் பத்தடி முன்னாடி நிறுத்துவோம் இல்லையா? இல்லாவிட்டால் யார் ஜெயிப்பார்கள் என்பது முன்பே தெரிந்துவிடும், பந்தயத்தில் சுவாரஸ்யம் இருக்காது. ஸ்ப்ரெட் என்பதும் அதேதான். பலமான அணிக்கும் பலவீனமான அணிக்கும் இடையில் பந்தய நிறுவனம் ஒரு புள்ளிக் கணக்கை வைக்கும். ஆட்டம் முடிந்ததும் பலமான அணியின் ஸ்கோரில் அதைக் கழித்துவிட்டு, யார் ஜெயித்தார்கள் என்று பார்ப்பார்கள்.

அன்றைய ஆட்டத்துக்குப் பெரும்பாலான இடங்களில் வைக்கிங்ஸுக்கு வைக்கப்பட்ட ஸ்ப்ரெட் 5.5. அதாவது, வைக்கிங்ஸ் ஜெயித்தால் மட்டும் போதாது. 6 புள்ளிகளாவது வித்தியாசம் இருக்க வேண்டும். டிக்ஸ் டச் டவுன் அடித்தபோது வித்தியாசம் 5.

கதை அதோடு முடியவில்லை. அமெரிக்க ஃபுட்பாலில் டச் டவுனுக்கு 6 புள்ளிகள். அதன்பிறகு பந்தை கோல் கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் இன்னும் 1 புள்ளி. நேரம் முடிந்திருந்தாலும் அந்த முயற்சியைச் செய்தே ஆக வேண்டும் என்பது அப்போதைய விதி. மைதானத்துக்குள் கூட்டம் புகுந்துவிட்ட நிலையில், வீரர்களைத் திரும்பக் கூப்பிட்டு வரிசையில் நிறுத்தினார்கள். வழக்கம்போல உதைத்திருந்தால் 30-24. வித்தியாசம் 6. வைக்கிங்ஸ் மேல் கட்டியவர்களுக்குப் பணம் உறுதி. ஆனால் கீனம் பந்தை வாங்கி, சிரித்தபடியே ஒரு முட்டியைத் தரையில் ஊன்றினார். ஆட்டம் முடிந்தது. அவரைப் பொறுத்தவரை ஜெயித்தாகிவிட்டது, இனி ஒரு புள்ளி எதற்கு? ஸ்ப்ரெட்டில் பணம் போட்டவர்களுக்கோ அந்த ஒரு புள்ளிதான் எல்லாமே.

ஆட்டக்காரரும் பந்தயக்காரரும் ஒரே மைதானத்தில் வேறு வேறு ஆட்டம் பார்க்கிறார்கள் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் அணி 2004, 2005 என இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து சூப்பர் பவுல் இறுதிப் போட்டியை வென்றது. இரண்டு முறையும் ஸ்ப்ரெட் 7. இரண்டு முறையும் அவர்கள் ஜெயித்தது 3 புள்ளி வித்தியாசத்தில் (32-29, 24-21). கோப்பை பேட்ரியாட்ஸுக்கு, பணம் எதிரணி மேல் கட்டியவர்களுக்கு!

3, 7 என்ற எண்கள் ஏன் முக்கியம்?

ஃபீல்டு கோலுக்கு 3 புள்ளிகள், டச் டவுனும் உதையும் சேர்ந்தால் 7. அதனால் நிறைய ஆட்டங்கள் சரியாக 3 அல்லது 7 வித்தியாசத்தில் முடிகின்றன. 2.5 என்ற ஸ்ப்ரெட்டுக்கும் 3.5 என்ற ஸ்ப்ரெட்டுக்கும் பார்க்க ஒரு புள்ளிதான் வித்தியாசம். ஆனால் 4.5, 5.5-க்கு இடையிலுள்ள ஒரு புள்ளியைவிட அது பல மடங்கு பெரியது. ஸ்ப்ரெட் சரியாக 3 என்று இருந்து, ஆட்டமும் 3 வித்தியாசத்தில் முடிந்தால் கட்டிய பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். இதைத் தவிர்க்கத்தான் அந்த அரைப் புள்ளி.

சரி, நிறுவனத்துக்கு லாபம் எங்கிருந்து வருகிறது?

ஸ்ப்ரெட் பந்தயத்தில் 100 டாலர் ஜெயிக்க வேண்டுமென்றால் வழக்கமாக 110 டாலர் கட்ட வேண்டும். ஒருவர் வைக்கிங்ஸ் மேல் 110, இன்னொருவர் செயின்ட்ஸ் மேல் 110 கட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். நிறுவனத்தின் கையில் 220. ஜெயித்தவருக்கு அவர் கட்டிய 110-ம் மேலே 100-ம் சேர்த்து 210 போகும். மீதி 10 டாலர், யார் ஜெயித்தாலும் நிறுவனத்துக்கு. இந்தக் கமிஷனுக்கு அங்கே ‘விக்’ என்று பெயர்.

பத்து டாலர்தானே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். நாணயத்தைச் சுண்டுவதுபோல 100 பந்தயங்களில் 50 ஜெயித்து 50 தோற்றால், வரவு 5,000, செலவு 5,500. பாதி சரியாகச் சொல்லியும் 500 டாலர் நஷ்டம். கையைச் சுடாமல் தப்பிக்கவே 100-க்கு கிட்டத்தட்ட 52.4 முறை சரியாகச் சொல்ல வேண்டும். ஸ்ப்ரெட்டோ, இரண்டு பக்கமும் ஏறத்தாழ சரிசமம் ஆகும்படி போடப்படுவது. வருடக்கணக்கில் 52.4-ஐத் தாண்டி நிற்பவர்கள் மிகச் சிலர்தான். அப்படித் தொடர்ந்து ஜெயிப்பவர்கள் கட்டக்கூடிய தொகையைப் பல நிறுவனங்கள் குறைத்துவிடுவதும் உண்டு.

ஸ்ப்ரெட் வேண்டாம், யார் ஜெயிப்பார்கள் என்று மட்டும் சொல்கிறேன் என்றால் அதற்கு ‘மணிலைன்’ உண்டு. பலமான அணி என்றால் 150 கட்டினால்தான் 100 கிடைக்கும், பலவீனமான அணி என்றால் 100-க்கு 130 கிடைக்கும் என்ற மாதிரி. மினியாபொலிஸில் மணிலைனில் வைக்கிங்ஸ் மேல் கட்டியவர்கள் அன்றிரவு நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள். இரு அணிகளின் மொத்தப் புள்ளிகள் இத்தனைக்கு மேலா, கீழா என்று கட்டுவது ‘ஓவர்-அண்டர்’.

உண்மையான பொறி ‘பார்லே’வில் இருக்கிறது. மூன்று நான்கு பந்தயங்களை ஒன்றாகக் கோத்துக் கட்டுவது. எல்லாமே பலித்தால் பெரிய தொகை, ஒன்று தவறினாலும் மொத்தமும் போச்சு. மூன்று சரிசம பந்தயங்கள் சேர்ந்து பலிக்க வாய்ப்பு எட்டில் ஒன்று. நியாயமாக 1 டாலருக்கு 7 டாலர் லாபம் தர வேண்டும். வழக்கமாகத் தருவது 6. நான்கு பந்தயங்கள் என்றால் வாய்ப்பு பதினாறில் ஒன்று. நியாயமாக 15, ஆனால் பல இடங்களில் கிடைப்பது 10 அல்லது 11. ஒற்றைப் பந்தயத்தில் நூற்றுக்கு நாலரை டாலர் அளவில் இருக்கும் நிறுவனத்தின் பங்கு, இதில் 12, 25, 30 என்று ஏறிக்கொண்டே போகும். செயலியைத் திறந்ததும் முதலில் கண்ணில் படுவது பார்லேதான் என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

பிளே-ஆஃப் என்றால் ஏன் இவ்வளவு பரபரப்பு?

லீக் சுற்றில் ஒரே வார இறுதியில் பத்துக்கும் மேற்பட்ட ஆட்டங்கள் நடக்கும். பணம் பிரிந்து போகும். பிளே-ஆஃபுக்குத் தகுதி பெறுவது 14 அணிகள், மொத்தமே 13 ஆட்டங்கள், தோற்றால் வெளியே. நாடு முழுக்க ஒரே ஆட்டத்தைப் பார்க்கும். வருடம் முழுக்க ஃபுட்பால் பக்கமே போகாத ஆட்களும் சூப்பர் பவுல் அன்று பத்து இருபது டாலராவது கட்டுவார்கள். 2024-ல் லாஸ் வேகாஸிலேயே நடந்த சூப்பர் பவுலுக்கு நெவாடா மாநிலத்தில் மட்டும் சட்டப்படி கட்டப்பட்ட தொகை 18.56 கோடி டாலர்.

புக்கிகள் தோற்றதே இல்லையா?

உண்டு. 1979 ஜனவரி 21, பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் - டல்லாஸ் கவ்பாய்ஸ் சூப்பர் பவுல். முதலில் பிட்ஸ்பர்குக்கு 3.5 என்று ஸ்ப்ரெட் போட்டார்கள். எல்லோரும் பிட்ஸ்பர்க் மேலேயே கட்ட, 4.5 ஆக உயர்த்தினார்கள். இப்போது டல்லாஸ் பக்கம் பணம் குவிந்தது. ஆட்டம் முடிந்தது 35-31. வித்தியாசம் சரியாக 4! முதலில் 3.5-ல் பிட்ஸ்பர்க் மேல் கட்டியவர்களும் ஜெயித்தார்கள், பிறகு 4.5-ல் டல்லாஸ் மேல் கட்டியவர்களும் ஜெயித்தார்கள். இரண்டு பக்கமும் அள்ளிக் கொடுத்த லாஸ் வேகாஸ், அந்த நாளை ‘கறுப்பு ஞாயிறு’ என்றே குறிப்பிடுகிறது.

மறுபக்கமும் உண்டு. 2014 சூப்பர் பவுலில் டென்வர் ஜெயிக்கும் என்று கூட்டம் நம்பியது. சியாட்டில் 43-8 என்று நொறுக்க, 11.94 கோடி டாலர் பந்தயத்தில் நெவாடா நிறுவனங்கள் 1.97 கோடியைத் தங்களுக்கு வைத்துக்கொண்டன. இரு பக்கமும் சமமாகப் பணம் வர வைப்பதுதான் புக்கியின் வேலை என்று சொல்வார்கள். நடைமுறையில் பல சமயம் அவர்களும் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறார்கள். விக் இருப்பதால் நீண்ட நாள் கணக்கில் அவர்களுக்கு அது தாங்கும், கட்டுபவருக்குத் தாங்காது.

வீரர்கள் விலை போனால்?

ஸ்ப்ரெட்டின் ஆபத்தான பக்கம் இது. ஒரு வீரரைத் தோற்கச் சொல்ல வேண்டியதில்லை. ‘ஜெயி, ஆனால் கொஞ்சமா ஜெயி’ என்றால் போதும். தோற்கப்போகும் அணியிடம், இன்னும் கொஞ்சம் கூடுதலாகத் தோற்கச் சொல்லலாம். 1946 இறுதிப் போட்டிக்கு முன் நியூயார்க் ஜயன்ட்ஸ் வீரர்கள் இருவரை ஒரு சூதாட்டக்காரர் அணுகியது அம்பலமானது. சிகாகோ பேர்ஸுக்கு அன்று ஸ்ப்ரெட் 10. ஆட்டம் முடிந்தது 24-14. சரியாகப் பத்து! லஞ்சம் கொடுக்க முயன்றவர் தண்டிக்கப்பட்டார், தகவலை மறைத்த வீரர்கள் இருவரும் இடைநீக்கம் செய்யப்பட்டனர்.

அதனால்தான் என்எஃப்எல் நீண்ட காலம் பந்தயத்தைக் கடுமையாக எதிர்த்தது. 1992-ல் வந்த மத்தியச் சட்டம், நெவாடா போன்ற சில மாநிலங்களைத் தவிர மற்ற இடங்களில் விளையாட்டுப் பந்தயத்துக்குக் கதவை அடைத்தது. நியூஜெர்சி மாநிலம் தொடுத்த வழக்கில் 2018 மே 14 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. இன்று 35-க்கும் மேற்பட்ட மாநிலங்களில் ஏதோ ஒரு வடிவில் அனுமதி உண்டு. கலிஃபோர்னியாவும் டெக்சாஸும் இன்னும் அனுமதிக்கவில்லை. 2021-ல் மூன்று பந்தய நிறுவனங்களை என்எஃப்எல்லே அதிகாரபூர்வக் கூட்டாளிகளாக அறிவித்தது. ஆனால் 2021 சீசனில் தன் அணி உட்பட என்எஃப்எல் ஆட்டங்களில் பணம் கட்டிய கால்வின் ரிட்லிக்கு, 2022 சீசன் முழுக்க ஆடத் தடை. தான் கட்டியது மொத்தம் 1,500 டாலர் என்றார் அவர். லீக் விளம்பரப் பணம் வாங்கலாம், வீரர் கட்டக் கூடாது. விதி என்ற அளவில் நியாயம்தான். பார்க்கக் கொஞ்சம் வேடிக்கையாக இருக்கிறது, அவ்வளவே.

இங்கிருந்து கட்டலாமா?

கூடாது. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளையும் பந்தயத்தையும் தடைசெய்யும் சட்டத்தை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. நடத்துபவர்களுக்கும் விளம்பரம் செய்பவர்களுக்கும் சிறைத் தண்டனையும் அபராதமும் அதில் உண்டு. ஆன்லைன் சூதாட்டத்துக்கு எதிராகத் தமிழ்நாட்டுக்குத் தனிச் சட்டமும் இருக்கிறது. ‘வெளிநாட்டு சைட், பிரச்னை இல்ல ப்ரோ’ என்று டெலிகிராமில் வரும் லிங்க்கை நம்பிப் பணம் போட்டு, ஜெயித்த தொகையைத் தர மறுத்தால் எந்த நுகர்வோர் மன்றத்தில் போய் நிற்பீர்கள்?

மினியாபொலிஸ் ஆட்டத்துக்குப் பிறகு ஒன்று மட்டும் மாறியது. கடைசி விநாடி டச் டவுனோடு வெற்றி முடிவாகிவிட்டால், அந்தக் கூடுதல் புள்ளி முயற்சியே தேவையில்லை என்று அதே 2018-ல் என்எஃப்எல் விதியைத் திருத்தியது. இப்போதென்றால் கீனம் முட்டி போட வேண்டியிருக்காது. ஸ்கோர் அப்போதும் 29-24 தான்.