கவுலும் கேமராவும்

வேடந்தாங்கல் என்னும் ஊர்ப்பெயரை ஒருமுறை பிரித்துப் பார்ப்போம். தாங்கல் என்பது தொண்டை நாட்டில் சிற்றேரியைக் குறிக்கும் சொல். பழவந்தாங்கல், ஐயப்பன்தாங்கல் எனச் சென்னையைச் சுற்றிலும் அச்சொல் இன்றும் வழங்குகிறது. ஆகவே வேடந்தாங்கலை வேடர்களின் ஏரி என்று கொள்ள இடமுண்டு. தெற்கே சிவகங்கை மாவட்டத்தில் பறவைகளுக்குப் பெயர்பெற்ற மற்றோர் இடம் வேட்டங்குடி. வேட்டம் என்பது வேட்டைக்குரிய பழஞ்சொல். பறவைக்கு அடைக்கலம் தந்த ஊர்கள் இரண்டும் வேட்டையின் பெயரைச் சுமந்து நிற்பது நம் சிந்தனைக்குரியது.

மார்கழி பிறந்தால் வேடந்தாங்கல் ஏரிக்கரையில் இன்று வரிசையாக நிற்பவை கேமராக்கள். பங்குனி வரை இக்காட்சி நீடிக்கும். முழங்கை நீளமுள்ள வில்லைகளைத் தாங்கிகளில் பொருத்தி, விடியுமுன்னரே இடம்பிடித்து நிற்பவர்களைக் காண்கிறோம். இவர்கள் யாருடைய வழித்தோன்றல்கள்? ஏரிக்குப் பெயர் தந்த வேடர்களுடையவர்களா? அல்லது அவ்வேடர்களைத் தடுத்து நிறுத்திய ஊராருடையவர்களா? இவ்வினாவுக்கு விடை காண வரலாற்றில் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

கேமராவுக்கும் துப்பாக்கிக்கும் உள்ள உறவு வெறும் உவமை அன்று. பிரெஞ்சு நாட்டு உடலியல் அறிஞர் எத்தியேன் ழூல் மாரே, பறவை எவ்வாறு சிறகடிக்கிறது என்பதை ஆராய 1882இல் ஒரு கருவியை அமைத்தார். அதற்குக் குழல் உண்டு. தோளில் அணைத்துக்கொள்ளும் கட்டை உண்டு. விரலால் இழுக்கும் விசையும் உண்டு. விசையை இழுத்தால் ஒரு நொடிக்கு 12 படங்கள் பதிவாகும். அதற்கு அவர் இட்ட பெயரே ஒளிப்படத் துப்பாக்கி என்பதுதான். பறக்கும் பறவையின் சிறகசைவை மனிதக் கண் முதன்முதலாகப் பிரித்துணர்ந்தது ஒரு துப்பாக்கியின் வடிவிலிருந்த கருவியால் என்பது வியப்புக்குரிய செய்தி.

அடுத்த பத்தாண்டில் இங்கிலாந்தில் ரிச்சர்ட் கியர்ட்டன், செர்ரி கியர்ட்டன் என்னும் உடன்பிறந்தார் இருவர் பறவைகளையும் கூடுகளையும் அவை இருந்த இடத்திலேயே படமெடுக்கத் தொடங்கினர். கனத்த மரப்பெட்டிக் கேமராவும் கண்ணாடித் தகடுகளும் அவர்களுடைய கருவிகள். தொலைவிலிருப்பதை அருகே காட்டும் வில்லைகள் தேறாத காலமாதலால், அவர்களே பறவையின் அருகில் செல்ல வேண்டியிருந்தது. அதற்காக மாட்டின் தோலைக் கொண்டு உள்ளீடற்ற மாட்டுருவம் ஒன்று செய்து, அதனுள் ஒளிந்திருந்து படமெடுத்தனர். நம் வேடர்கள் பார்வை மானைப் பழக்கி நிறுத்தி, மறைவில் காத்திருந்த முறையோடு இதனை ஒப்பிடலாம். உத்தி ஒன்றே, ஆயினும் காத்திருப்பின் முடிவில் பறவை உயிரோடு எழுந்து சென்றது.

இந்தியாவிலோ துப்பாக்கி அவ்வளவு எளிதில் இடம்விடவில்லை. இராஜஸ்தானத்துப் பரத்பூர் நீர்நிலை, மன்னர் குடும்பத்தாரும் அவர்தம் விருந்தினரும் வாத்து வேட்டையாடிய களமாக விளங்கியது. 1938ஆம் ஆண்டு நவம்பர் 12 அன்று அரசப் பிரதிநிதி லின்லித்கோ பிரபுவுக்காக நடத்தப்பெற்ற வேட்டையில் ஒரே நாளில் 4,273 பறவைகள் சுடப்பட்டன. ஒவ்வொரு வேட்டையின் கணக்கும் அங்கே கல்லில் பொறித்து வைக்கப்பட்டுள்ளது. பிற்காலத்தில் அவ்விடம் தேசியப் பூங்காவாகி, 1985இல் யுனெஸ்கோவின் உலக மரபிடமாக ஏற்கப்பட்டது. இன்று அங்கே குளிர்காலக் காலைப்பொழுதுகளில் பனிமூட்டத்தைப் படமெடுக்க வருவோர் அக்கல்லெழுத்தையும் கடந்தே செல்கின்றனர்.

பரத்பூரில் கொன்றவர்கள் கல்வெட்டு வைத்தனர். வேடந்தாங்கலில் காத்தவர்கள் கையில் இருந்தது ஒரு காகிதம். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், ஏரியில் கூடுகட்டியிருந்த பறவைகளை ஆங்கிலச் சிப்பாய்கள் சுட்டனர் என்றும், ஊரார் அன்றைய ஜாகீர் ஆட்சியர் லயனல் பிளேசிடம் முறையிட்டனர் என்றும், அவர் பறவைகளைக் காக்கும் உரிமையை ஊராருக்கு அளித்துக் கவுல் எழுதிக் கொடுத்தார் என்றும் வேடந்தாங்கலைப் பற்றி எழுதியோர் கூறுவர். கவுல் என்பது அரபு மொழியில் வாக்கு என்று பொருள்படும் சொல். நிலவரி ஆவணங்களின் வழியே தமிழுக்கு வந்து, அரசு எழுதித் தரும் உறுதிமொழியைக் குறிக்கலாயிற்று. 1858இல் செங்கற்பட்டு ஆட்சியர் அவ்வுரிமையை மீண்டும் உறுதிசெய்தார். 1936இல் ஏரி பறவைகளின் சரணாலயமாக ஏற்கப்பட்டது.

இந்த லயனல் பிளேஸ் நம் வாசகர்களுக்குப் புதியவர் அல்லர். மதுராந்தகம் ஏரி உடையும் நிலையிலிருந்த மழை இரவில், கரைமீது வில்லேந்தி நின்ற இராம இலக்குவரைக் கண்டதாகக் கதை சொல்லப்படுகிறதே, அந்தக் கதையில் வரும் துரை இவரே. ஏரிகாத்த இராமர் கோயிலில் தாயார் சந்நிதித் திருப்பணி இவர் பெயரால் வழங்குகிறது. கதை எவ்வாறாயினும், ஏரி நிலைத்தால்தான் வேளாண்மை நிலைக்கும், வேளாண்மை நிலைத்தால்தான் வரி வரும் என்பதை ஆட்சியர் அறிந்திருந்தார். ஊராரும் ஒன்றை அறிந்திருந்தனர். ஆயிரக்கணக்கான பறவைகளின் எச்சம் கலந்த ஏரி நீர், பாயும் வயலுக்கெல்லாம் உரமாகும். எனவே ஊராரின் காவலை வெறும் கருணை என்று மிகைப்படுத்த வேண்டியதில்லை. பறவை, ஏரி, வயல், மனிதன் ஆகிய நான்கும் ஒரே கணக்கில் அடங்கும் என்று கண்ட பட்டறிவு அது. அப்பட்டறிவே நமக்கு வியப்பூட்டுகிறது.

இவ்வூரையும் ஒளிப்படக் கலையையும் இணைத்து எண்ணும்போது மா. கிருஷ்ணன் அவர்களை விடுத்து எழுதலாகாது. பத்மாவதி சரித்திரம் எழுதிய அ. மாதவையாவின் மகனான இவர் 1912இல் பிறந்தவர். 1950 முதல் 1996இல் மறையும் வரை ஸ்டேட்ஸ்மன் இதழில் இயற்கையைப் பற்றிய பத்தியைத் தொடர்ந்து எழுதினார். தாமே பல உறுப்புகளைக் கூட்டி அமைத்துக்கொண்ட கனத்த கேமராவில், கறுப்பு வெள்ளையில் படமெடுத்தவர் அவர். அவர் தமிழிலும் எழுதினார் என்பதைப் பலரும் மறந்துவிட்டனர். அக்கட்டுரைகளைப் பெருமாள்முருகன் தொகுத்த நூலுக்குப் ‘பறவைகளும் வேடந்தாங்கலும்’ என்பதே பெயர். கூர்ந்து நோக்குதல், பெயரறிதல், பிறகு படமெடுத்தல் என்னும் வரிசை அவருடைய எழுத்திலும் படத்திலும் மாறாதது. இன்றோ படத்தை எடுத்துவிட்டுப் பிறகே பெயரைத் தேடுகிறோம்.

பறவையைக் கூர்ந்து நோக்கும் மரபு நமக்கு அயலானதன்று. சத்திமுத்தப் புலவரின் நாரைப் பாட்டு, தெற்கே வந்து வடக்கே மீளும் பறவை இணையைத் தூதாக அழைப்பது. பருவந்தோறும் பறவைகள் இடம்பெயர்வதைத் தமிழ்ப் புலவன் அறிந்திருந்தான் என்பதற்கு அதுவே சான்று. ஆயினும் வேடந்தாங்கலில் காணும் பறவைகள் யாவும் கடல்கடந்து வந்தவை என்னும் எண்ணம் பொருந்தாது. ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் வடபுலத்துக் குளிருக்கு அஞ்சி வருவன. அவை இங்கே கூடு கட்டுவதில்லை. நீருள் நிற்கும் கடம்ப மரங்களில் கூடுகட்டிக் குஞ்சு பொரிக்கும் நத்தைக்குத்தி நாரை, மஞ்சள்மூக்கு நாரை, கரண்டிவாயன், வக்கா, நீர்க்காகம், பாம்புத்தாரா, கூழைக்கடா முதலியன நம் துணைக்கண்டத்திற்கே உரியவை. வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பினால் அவை வரும். ஏரி நிரம்பாத ஆண்டில் வருகையும் குன்றும்.

படமெடுப்போருக்கு இப்பருவத்தின் ஒவ்வொரு திங்களும் வெவ்வேறு ஏரியைக் காட்டும். மார்கழியில் பனியும் சாய்ந்த ஒளியும் சேர்ந்து நீரையும் வானையும் ஒன்றாக்கும். அப்போது பறவையைவிட ஏரியின் தோற்றமே படத்தில் மேலோங்கும். வெண்ணிறப் பறவைகளைப் பதிவுசெய்வது எக்காலத்திலும் கடினம். ஒளி சற்று மிகினும் இறகின் வரிகள் மறைந்து வெறும் வெள்ளையே எஞ்சும். எனவே இளங்காலையும் மாலையுமே ஏற்ற பொழுதுகள். தை, மாசியில் கூடுகள் நிறைந்து, இரை கொணரும் பெற்றோரின் போக்குவரத்து ஓயாதிருக்கும். பங்குனியில் வெயில் ஏறி நீர் வற்றத் தொடங்கும். அப்போது தாய் நாரை சிறகை அகல விரித்து, தன் குஞ்சுகளுக்கு நிழலாக அசையாது நிற்பதைக் காணலாம். எங்கள் மாணவர்களுக்கு நாங்கள் தவறாது சுட்டிக்காட்டும் காட்சி இது.

அந்த நிழலில்தான் நம் வினாவுக்கான விடை இருக்கிறது. படமெடுப்பவர் நாலடி கூடுதலாக நெருங்கினால், தாய்ப்பறவை எழுந்து பறக்கும். பறக்கும் நாரையின் படம் அழகாகவே அமையும். ஆனால் அது திரும்பும்வரை இறகு முளைக்காத குஞ்சுகள் வெயிலில் கிடக்கும்; காகமும் பருந்தும் காத்திருக்கும். கைதட்டியும் கல்லெறிந்தும் பறவைகளை எழுப்பிப் படமெடுப்போர் உண்டு. சிறு பறக்கும் கருவிகளில் கேமராவைப் பொருத்திக் கூடுகளின் மேலே செலுத்த விழைவோரும் இன்று உண்டு. இவர்கள் கையில் இருப்பது மாரேயின் துப்பாக்கி என்பதில் ஐயமில்லை. வேட்டங்குடிக்கு அருகிலுள்ள கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், கூட்டிலுள்ள பறவைகள் அஞ்சும் என்று தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. தம் பிள்ளைகளின் பண்டிகை மகிழ்ச்சியையே அடக்கிக்கொள்ளும் ஊரின் அருகில் நின்றுகொண்டு, ஒரு படத்துக்காக நாலடி பின்வாங்க நம்மால் இயலாதா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். படத்தின் சட்டத்துக்குள் மரமும் கூடும் பறவையும் அடங்கும். வயலும் ஊரும் அடங்குவதில்லை. ஏரியின் பரப்போ சுமார் 30 ஹெக்டேர் மட்டுமே. அத்தனை பறவைக்கும் அவ்வேரி இரை தராது. நத்தைக்கும் மீனுக்கும் தவளைக்கும் அவை சுற்றிலுமுள்ள வயல்களையும் பிற ஏரிகளையும் நம்பியுள்ளன. அதனால்தான் 1998இல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் ஆரமுள்ள பரப்பு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அப்பரப்பைக் குறைக்கும் முன்மொழிவு 2020இல் எழுந்தபோது, ஏரி எவ்விதத்திலும் குறையாதே என்று எண்ணியவர் உண்டு. படத்தில் கண்ட வேடந்தாங்கலே முழு வேடந்தாங்கல் என்று நம்பினால் அவ்வாறே எண்ணத் தோன்றும். அன்று எழுந்த கடும் எதிர்ப்பு, சட்டத்துக்கு வெளியேயும் பார்க்கத் தெரிந்தவர் நம்மிடையே உள்ளனர் என்பதைக் காட்டியது. 2022இல் வேடந்தாங்கலும் அண்டையிலுள்ள கரிக்கிலியும் பன்னாட்டு முதன்மை வாய்ந்த ஈரநிலங்களாக ராம்சர் பட்டியலில் இடம்பெற்றன.

எனவே வரும் மார்கழியில் வேடந்தாங்கல் செல்லும் அன்பர்கள், நாரையின் படத்தோடு வேறு சில படங்களையும் எடுத்துவருமாறு வேண்டுகிறோம். கலங்கல், மதகு, ஏரிநீர் பாயும் நெல்வயல், அவ்வயலில் இரைதேடும் நத்தைக்குத்தி, நடவு நடும் பெண்கள் ஆகியவற்றின் படங்கள் அவை. லயனல் பிளேஸ் எழுதிக் கொடுத்த கவுல் அவ்வூரார் கேட்டுப் பெற்ற உரிமைக்குச் சான்றாயிற்று. நாம் எடுக்கும் படமும் ஒருநாள் அத்தகைய சான்றாக வேண்டிவரலாம். அப்போது அதில் பறவை மட்டும் இருந்தால் போதாது.