உதவி டி செல்களின் கட்டுப்பாடும் தன்னுடல் தாக்கு நோய்களும்

உதவி டி செல்கள் என்பவை தைமஸ் சுரப்பியில் முதிர்ந்து, மேற்பரப்பில் சிடி4 என்னும் புரதத்தைத் தாங்கி, பெரும்பாலும் கிருமியைத் தாமே கொல்லாமல், சைட்டோக்கைன் எனப்படும் சமிக்ஞைப் புரதங்களைச் சுரந்து பிற தடுப்பாற்றல் செல்களை ஏவும் வெள்ளையணுக்களாகும். இந்த ஏவல் உடலின் சொந்தத் திசுக்கள்மீதே திரும்பும்போது முடக்குவாதம், முதல் வகை நீரிழிவு, லூப்பஸ் போன்ற தன்னுடல் தாக்கு நோய்கள் தோன்றுகின்றன.

1986இல் மோஸ்மன், காஃப்மன் ஆகியோர் இவற்றை டிஎச்1, டிஎச்2 எனப் பிரித்தனர். மூட்டு, தோல் அழற்சிகளில் பெரும்பங்கு வகிக்கும் டிஎச்17 தனி வகையாக ஏற்கப்பட்டது 2005 அளவில்தான். இவற்றை அடக்கிவைக்கும் ஒழுங்குபடுத்து டி செல்களை 1995இல் ஜப்பானியரான சகாகுச்சி அடையாளம் காட்டினார். அவற்றை ஆளும் ஃபாக்ஸ்பி3 மரபணு பழுதுபட்டால் பச்சிளம் பருவத்திலேயே பல உறுப்புகள் ஒருசேரத் தாக்கப்படும் என்பதை 2001இல் வெளிக்கொணர்ந்தவர்களுள் அடங்கிய பிரன்கோ, ராம்ஸ்டெல் ஆகிய இருவரும் சகாகுச்சியுடன் 2025ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்தனர். எலிகளில் டிஜிஎஃப்-பீட்டா என்னும் புரதம் தனித்து நின்றால் இளம் டி செல் அடக்கும் செல்லாகவும், இன்டர்லூக்கின்-6 உடன் சேர்ந்தால் டிஎச்17 ஆகவும் மாறும் என்று 2006இல் விஜய் குச்ரூ குழுவினர் காட்டியது இத்துறையின் மிக முக்கியமான கண்டுபிடிப்புகளுள் ஒன்று. அழற்சியும் அடக்கமும் ஒரே கிளையிலிருந்து பிரிவதை அது புலப்படுத்தியது. முடக்குவாதத்திற்குத் தரப்படும் டோசிலிசுமாப் மருந்து இன்டர்லூக்கின்-6இன் ஏற்பியையே அடைக்கிறது.

இக்கட்டுப்பாட்டை மனித உடலில் காண்பதற்குக் காவிரிப் படுகை மக்களுக்கு நெடுங்காலம் பழகிய யானைக்கால் நோயைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு அரிது. காவிரியிலிருந்து குடமுருட்டி ஆறு பிரியும் திருக்காட்டுப்பள்ளியிலிருந்து கீழே கும்பகோணம் வரை விரியும் இவ்வயல்நாட்டில், சாக்கடையிலும் தேங்கிய கழிவுநீரிலும் பெருகும் க்யூலெக்ஸ் கொசு, இந்நோயை உண்டாக்கும் ஃபைலேரியா புழுவின் இளநிலைகளை ஒருவரிடமிருந்து ஒருவருக்குக் கொண்டுசெல்கிறது. நிணநீர் நாளங்களில் ஆண்டுக்கணக்கில் தங்கும் இப்புழு, இன்டர்லூக்கின்-10 போன்ற அடக்கும் புரதங்களை மிகச்செய்து டிஎச்1 செயல்பாட்டைத் தணிப்பதால், இரத்தத்தில் நுண்புழு நிறைந்தவர்கூட வெளித்தோற்றத்தில் நலமாகவே இருப்பதுண்டு. கால் வீங்கியவர்களிடமோ நிலை நேர்மாறானது: புழுவின் புரதங்களுக்கு எதிராக டிஎச்1, டிஎச்17 இரண்டும் ஓங்கி, ஃபாக்ஸ்பி3 குன்றியிருப்பதைச் சுபாஷ் பாபு உள்ளிட்டோர் 2009இல் வெளியிட்டனர். வீக்கத்திற்குப் புழு மட்டுமன்றி, தளர்ந்த கட்டுப்பாடும் பொறுப்பு என்பது இதனால் துலங்குகிறது.

புழு உண்டாக்கும் இந்த அடக்கம் தன்னுடல் தாக்கு நோய்களையும் தடுக்குமா என்பது அடுத்த கேள்வி. முதல் வகை நீரிழிவுக்காரர்களிடம் ஃபைலேரியா தொற்று குறைவு என்று சென்னை ஆய்வாளர்கள் 2010இல் தெரிவித்தனர். ஒடிசாவில் முடக்குவாதம், லூப்பஸ் நோயாளிகளிடமும் இத்தகைய போக்கே காணப்பட்டது. புழு காத்ததா, அல்லது நோயாளியின் அழற்சி மிகுந்த உடல் புழுவைத் தங்கவிடவில்லையா என்பதை இத்தகைய ஒப்பீடு பிரித்துச் சொல்லாது. எனவே ஃபைலேரியா புழுவுக்கு எதிராகத் தரப்படும் டிஇசி மாத்திரையைத் தவிர்க்க இது காரணமாகாது. புழுவை விடுத்து அதன் சுரப்பை மட்டும் பயன்படுத்தும் முயற்சியில், கொறிவிலங்குகளைத் தாக்கும் ஒரு ஃபைலேரியா இனம் வெளியிடும் இஎஸ்-62 என்னும் புரதம் எலிகளின் மூட்டழற்சியைத் தணித்துள்ளது.