உதயமும் மணிக்கூடும்

மட்டக்களப்பு வாவியின் கிழக்குக் கரையை எழுவான்கரை என்றும் மேற்குக் கரையைப் படுவான்கரை என்றும் நம் முன்னோர் வழங்கினர். ஞாயிறு எழுவதும் படுவதுமே கரைகளுக்குப் பெயராயின. அந்த ஞாயிற்றையே தலையாகக் கொண்டு நாளைக் கணக்கிடுவது பஞ்சாங்கம். கிரான் வாழ் இளைஞர் பலர் இதனை மறந்து, சுவரிலே தொங்கும் கலண்டரை மட்டும் நம்புகின்றனர்.

பஞ்சாங்க நாள் நள்ளிரவிற் பிறப்பதன்று. ஓர் உதயந் தொடங்கி மறு உதயம் வரை 60 நாழிகை; நாழிகை ஒன்றுக்கு 24 நிமிடம். நீர்க்கடிகாரங்கொண்டு பொழுதளந்து அரசனுக்கு உரைத்தோரை முல்லைப்பாட்டிலே காண்கின்றோம்.

இராகுகாலத்தை எடுத்துக்கொள்வோம். அகசு எனப்படும் பகற்பொழுதை எட்டாகப் பகுத்தால், திங்கட்கிழமைக்கு இரண்டாம் பங்கு இராகுவினுடையது. காலை 6 மணிக்கு உதயம், மாலை 6 மணிக்கு அத்தமனம் என்று வைத்துக்கொண்டு 7.30 முதல் 9 வரை என அச்சிட்டுவிட்டனர். ஞாயிறு அப்படி உடன்படிக்கை எழுதிக் கொடுக்கவில்லை! மே மாதக் கடைசியிலே கிரானில் 5.46 அளவில் உதயமாகின்றது. பெப்ரவரித் தொடக்கத்திலோ 6.20 கடந்துவிடுகின்றது. அப்பொழுது திங்கள் இராகுகாலம் 7.50 அளவில் தொடங்கி 9.20 அளவிலேதான் முடியும்.

மணிக்கூடாவது நிலையாக நின்றதா? இலங்கையின் பொதுநேரம் 1906இல் கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி முந்தியதாக வகுக்கப்பட்டது. யுத்த காலத்தில், 1942இல், இருமுறை அரை அரை மணியாக முன்தள்ளப்பட்டு, 1945இலே பழைய நிலைக்கு வந்தது. 1996 மே மாதம் ஒரு மணி முன்தள்ளினர்; அவ்வாண்டு ஒக்டோபரில் அரைமணி குறைத்தனர்; 2006 ஏப்பிரலிலேதான் பழைய நேரம் மீண்டது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகளில் பழைய நேரமே வழங்கியமையால், ஒரே தீவில் இரு நேரங்கள் நடந்தன. ஒரு மணி தள்ளியிருந்த மாதங்களில், திங்களன்று 9 அடித்ததும் இராகு நீங்கிற்றென்று சுபகருமந் தொடங்கியவர், உண்மையில் இராகுகாலத்தின் நடுவிலே தொடங்கினார். பஞ்சாங்கம் பிழைக்கவில்லை; உதயத்தை விட்டு மணிக்கூட்டைப் பிடித்ததே பிழை.

இன்னொன்று. நாம் கையாளும் பஞ்சாங்கங்கள் பல யாழ்ப்பாணத்திலே கணிக்கப்படுவன. கிரான் யாழ்ப்பாணத்துக்கு ஏறத்தாழ ஒன்றரைப் பாகை கிழக்கே உள்ளமையால், இங்கு உதயம் சுமார் 6 நிமிடம், அதாவது கால் நாழிகை, முந்தும். நாம் தெற்கேயும் இருத்தலின் அவ்வித்தியாசம் மார்கழியில் 9 நிமிடம் வரை கூடி, ஆனியில் 3 நிமிடமாகக் குறையும். உதயாதி நாழிகையாகக் குறிக்கப்பட்டதை நம்மூர் உதயத்தோடு கூட்டுமுன் இதனைத் திருத்திக்கொள்ளல் வேண்டும்.

ஆயினும் எல்லாவற்றையும் இவ்வாறு திருத்தப் புகுதல் கூடாது. திதி முடிவதும், சூரியன் மேடத்திற் புகுந்து புத்தாண்டு பிறப்பதும் வானத்து நிகழ்ச்சிகள். மணி நிமிடத்திற் சொன்னால் யாழ்ப்பாணத்துக்கும் கிரானுக்கும் அவை ஒரே கணமே. சித்திரையில் வாக்கியம் ஒரு நேரமும் திருக்கணிதம் வேறொரு நேரமும் தருவது கணிதமுறையின் வேற்றுமை, ஊரின் வேற்றுமையன்று. எந்த நேரத்துக்கு மருத்துநீர் வைப்பதென்ற வழக்கை அவ்வவ்வீட்டுப் பெரியோர் தீர்ப்பாராக.