ஸ்ரீநிகேதனம் கண்ட கிராமத் தொண்டு

வங்கத்தில் குடியேறி வாழும் தமிழ் மக்களாகிய நம்மில் சாந்திநிகேதனத்தைக் காணாதவர் சிலரே. போல்பூர் நிலையத்தில் இறங்கி, மகாகவி தாகூர் வாழ்ந்த இல்லங்களையும் மர நிழல் வகுப்புகளையும் கண்டு களித்து, மாலை வண்டிக்குத் திரும்பி விடுகிறோம். அதற்குச் சிறிது தொலைவில், சுருல் என்னும் சிற்றூரை அடுத்துள்ள ஸ்ரீநிகேதனத்திற்குச் செல்வோர் மிகக் குறைவு. கவிஞரின் உள்ளத்தை அறிய விரும்புவோர் அவசியம் காணவேண்டிய இடம் அதுவே என்பது என் கருத்து.

தாகூர் கிராமங்களை ஏட்டில் படித்து அறிந்தவர் அல்லர். குடும்ப ஜமீன் நிர்வாகத்திற்காக 1890-களில் பத்மா நதிக்கரைப் பகுதிகளில் வாழ்ந்தபோது, குடியானவர்களின் கடனையும் நோயையும் நேரில் கண்டார். 1905-இல் பதிசரில் ஒரு விவசாய வங்கியைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே, தம் புதல்வர் ரதீந்திரநாதரை வேளாண்மை பயில அமெரிக்காவிற்கு அனுப்பினார். 1913-இல் கிடைத்த நோபெல் பரிசுத் தொகையையும் அந்த வங்கியிலேயே வைத்தார். பின்னாளில் விவசாயக் கடன் நிவாரணச் சட்டங்கள் வந்தபோது கொடுத்த கடன்கள் வசூலாகாமல் போயின. பரிசுப் பணமும் அதனுடன் போயிற்று. கணக்கெழுதிப் பிழைக்கும் என் போன்றோர்க்கு இது பெரும் நஷ்டமாகத் தோன்றும். கவிஞரோ கிராமப் பணியைக் கைவிட்டாரில்லை.

1912-இல் அவர் விலைக்கு வாங்கியிருந்த சுருல் மாளிகையில், 1922 பிப்ரவரி 6-ஆம் நாள் கிராமப் புனரமைப்பு நிலையம் தொடங்கப்பெற்றது. அதன் முதல் தலைவர் லெனார்ட் எல்ம்ஹர்ஸ்ட் என்ற ஆங்கிலேய இளைஞர்; அமெரிக்காவின் கார்னெல் சர்வகலாசாலையில் வேளாண்மை கற்றவர். பொருளுதவி அளித்தவர் டோரதி ஸ்ட்ரெய்ட் என்ற அமெரிக்கச் சீமாட்டி. வந்த மாணவர்களுக்கு எல்ம்ஹர்ஸ்ட் முதலில் கற்பித்த பாடம், தத்தம் கழிவைத் தாமே அகற்றிக் குழியில் இட்டு, தோட்டத்திற்கு எருவாக்குவது! உயர்குலத்துப் பிள்ளைகள் முகம் சுளித்திருப்பர் என்பதில் ஐயமில்லை. ஆயினும், தான் செய்யக் கூசும் வேலையைக் கிராமத்தானுக்கு உபதேசிக்க எவருக்கும் உரிமையில்லை என்ற நியதி அங்கே முதல் நாளிலேயே வேரூன்றியது.

அவ்வட்டாரத்தின் தொல்லைகளாக எல்ம்ஹர்ஸ்ட் மூன்றைக் கூறினார்: குரங்கு, மலேரியா, ஒருவர்மீது ஒருவர் கொண்ட அவநம்பிக்கை. முதலிரண்டிற்கும் ஏதேனும் வழி உண்டு. மூன்றாவதற்கு மருந்து ஏது? இந்து, முஸ்லிம், சந்தாலர் எனப் பிரிந்து கிடந்த ஊர்களில், காளிமோகன் கோஷ் போன்ற ஊழியர்கள் வீடு வீடாகச் சென்று பேசிப் பழகினர். சுகாதாரக் கூட்டுறவுச் சங்கங்கள் தோன்றின. ஊரார் சந்தா செலுத்தினர். அதைக் கொண்டு மருத்துவரும் மருந்தும் கிடைத்தன. தர்மம் என்று எதுவும் வழங்கப்படவில்லை. சிறிய தொகையேயாயினும் தான் கொடுத்த பணத்தால் நடக்கும் மருத்துவசாலையில் ஏழை தலை நிமிர்ந்து நிற்பான் அன்றோ?

நம் சங்கத்தில் கல்வி உதவி நிதியைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம், கொடுப்பவர் ஒரு புறமும் பெறுபவர் ஒரு புறமுமாகக் காலனி இரண்டாகி விடுகிறது. பெறும் குடும்பத்தின் பெயரை மேடையில் வாசிப்பதா வேண்டாமா என்று சென்ற ஆண்டும் வாதாடினோம். சுருலில் அந்த வினாவிற்கே இடமில்லாதபடி செய்திருந்தனர்.

1924-இல் ஏழைச் சிறுவர்களுக்காக 'சிக்ஷா சத்ரம்' என்ற பள்ளி தொடங்கப்பெற்றது. நெசவு, தச்சு, தோல்வேலை முதலிய கைத்தொழில்கள் வளர்ந்தன. கவிஞர் இவற்றோடு நிற்கவில்லை. உழைப்பில் மகிழ்ச்சியும் வேண்டும் என்று 1928-இல் ஏர்பூட்டு விழாவைத் தொடங்கிவைத்தார். நந்தலால் போஸ் அக்காட்சியைச் சுவர் ஓவியமாகத் தீட்டியுள்ளார்.

குறையும் உண்டு. சுயபலத்தைப் போதித்த நிலையம், தன் செலவிற்குப் பல ஆண்டுகள் கடல் கடந்த செல்வத்தையே நம்பியிருந்தது. இம்முரண்பாட்டை மறைப்பதால் பயனில்லை. எனினும், வெளிப்பணம் ஊழியரையும் ஆராய்ச்சியையும் தாங்கிற்றேயன்றி, கிராமத்தானைக் கையேந்துபவனாக்கவில்லை. 1952 அக்டோபர் 2-இல் அரசாங்கம் 55 இடங்களில் சமுதாய வளர்ச்சித் திட்டத்தைத் தொடங்கியபோது, பணமும் அதிகாரிகளும் ஏராளம். ஆயினும் மக்கள் அதைத் தமதாகக் கொள்ளவில்லை என்றே 1957-இல் பல்வந்த்ராய் மேத்தா குழு கண்டது.

தமிழகத்திற்கும் இதனோடு ஓர் உறவு உண்டு. சாந்திநிகேதனத்தில் பயின்ற ஜி. ராமச்சந்திரன், தம் துணைவியார் டாக்டர் சௌந்தரத்துடன் 1947-இல் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை நிறுவினார்.

ஆண்டுதோறும் பிப்ரவரித் திங்களில் ஸ்ரீநிகேதனத்தில் மாக மேளா நடைபெறுகிறது. சுற்றுப்புறக் குடியானவர்களின் விளைபொருள்களைக் கண்காட்சியில் காணலாம். பௌஷ மேளாவிற்குச் செல்லும் நம் குடும்பங்கள் இதற்கும் ஒருநாள் ஒதுக்கலாம். குளிரும் அப்பொழுது சற்றுக் குறைந்திருக்கும்.