மூன்று விலையும் மூன்று காலமும்: நம்ம ஊர் வண்டியின் கிளட்ச் கதை

பதிவு கொஞ்சம் நீளம். வண்டி வைத்திருப்பவர்கள் கடைசி வரை படியுங்கள்.

போன வாரம் பழைய மாணவர் ஒருவர் போன் செய்தார். ஊட்டி மலையிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்குக் காய்கறி இறக்கும் டீசல் பிக்கப் வைத்திருக்கிறார். "சார், கிளட்ச் போயிருச்சுங்க. பழைய பிளேட்டுக்கே லைனிங் அடிச்சா கம்மியில முடியும்கறாங்க. பிளேட் மட்டும் புதுசுன்னா ஒரு விலை, முழு செட்டுன்னா ஒரு விலை. எதைப் போடட்டுங்க?" என்றார்.

சரித்திர வாத்தியாரிடம் கேட்கிற கேள்வியா இது என்று சிரிக்காதீர்கள். அந்த விலைகளுக்குப் பின்னால் நம்ம ஊர் வரலாறு இருக்கிறது. அது தெரிந்தால் பதிலும் தெரிந்துவிடும்.

முதலில் கிளட்ச் என்றால் என்ன? எஞ்சினோடு எப்போதும் சுற்றும் ஃப்ளைவீல் ஒரு பக்கம், ஸ்பிரிங் வைத்து அழுத்தும் பிரஷர் பிளேட் மறுபக்கம். நடுவில் இருபுறமும் லைனிங் ஒட்டிய கிளட்ச் பிளேட். மிதித்தால் பிடி விடுகிறது, காலை எடுத்தால் பிடிக்கிறது. அந்தக் காலத்து மோட்டார் கார்களில் தோல் போர்த்திய கூம்புதான் கிளட்ச். இங்கிலாந்தில் ஹெர்பர்ட் ஃப்ரூட் 1897இல் தொடங்கிய ஃபெரோடோ போன்ற கம்பெனிகள் உராய்வுக்கென்றே தனிப் பொருள் செய்ய ஆரம்பித்தன. பிறகு கல்நார் கலந்த லைனிங் வந்தது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

நம் பக்கம் வருவோம். கலங்கல் கிராமத்தில் 1893இல் பிறந்த ஜி.டி. நாயுடு, 1920இல் ஒரே ஒரு பஸ் வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தானே ஓட்டினார். அதுதான் யு.எம்.எஸ். ஆக வளர்ந்தது. எல்.ஜி.பி. நிறுவனமும் 1937இல் போக்குவரத்துத் தொழிலாகத் தொடங்கி, பின்னாளில் செயின் செய்யும் ஆலையானது. வண்டி ஓட்டப் போனவர்கள் பட்டறை வைத்தார்கள், பட்டறை வைத்தவர்கள் தொழிற்சாலை கட்டினார்கள். கோயம்புத்தூரின் கதையில் பாதி இதுதான்.

பட்டறை ஏன் அவ்வளவு அவசியம்? உதிரி பாகம் கப்பலில் வர வேண்டிய காலம் அது. இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோலே ரேஷனாகி, கரி வாயுவில் பஸ் ஓடியது. உங்கள் தாத்தா பாட்டி சொல்லக் கேட்டிருப்பீர்கள். பெட்ரோலுக்கே அந்தக் கதி என்றால் கிளட்ச் பிளேட்டுக்கு எங்கே போவது? சுதந்திரத்துக்குப் பிறகும் வெளிநாட்டுச் சாமான் வாங்க இறக்குமதி லைசென்ஸ் வேண்டும். சென்னையில் அசோக் மோட்டார்ஸ் 1948இலும், டாடா-மெர்சிடிஸ் லாரி 1954இலும் வந்தபின்தான் நிலைமை மெல்ல மாறியது. ரானே பிரேக் லைனிங் சென்னையில் தொடங்கியது 1964இல்.

அந்தப் பஞ்ச காலத்தின் பிள்ளைதான் லைனிங் அடிப்பது. பழைய ரிவெட்டைத் தட்டி எடுத்து, தேய்ந்த லைனிங்கைக் கழற்றி, புதிய வளையம் வைத்து மறுபடி ரிவெட் அடிப்பார்கள். பிரஷர் பிளேட்டை லேத்தில் கொடுத்து முகம் சீவுவார்கள். சீவினால் தடிமன் குறைந்து அழுத்தமும் குறையுமே? அதற்கும் வழி வைத்திருந்தார்கள். அப்போது பிரஷர் பிளேட்டில் வரிசையாகச் சுருள் ஸ்பிரிங்குகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு வாஷர் போட்டால் போன அழுத்தம் திரும்ப வந்துவிடும். விரல்களின் உயரத்தையும் திருகி அளவு வைக்கலாம். படிக்காத மேதைகள் என்று நாம் சும்மா சொல்லவில்லை.

பிறகு வந்தது டயஃப்ரம் ஸ்பிரிங். பல சுருளுக்குப் பதிலாகத் தட்டு மாதிரி ஒரே ஒரு எஃகு ஸ்பிரிங். மிதி லேசாக இருக்கும். சுருள் ஸ்பிரிங்கில் லைனிங் தேயத் தேய அழுத்தம் குறைந்துகொண்டே போகும். டயஃப்ரத்தில் தேயும்போது அழுத்தம் முதலில் சற்றுக் கூடி, எல்லை தாண்டிய பிறகே இறங்கும். நல்ல முன்னேற்றம்தான். ஆனால் வாஷர் போட இடமில்லை, திருகி அளவு வைக்க விரலில்லை. கிளட்ச் கருகி அந்தத் தட்டு ஒருமுறை சூடேறி முறுக்கு இழந்தால் எந்த லேத்தாலும் அதைத் திருப்பித் தர முடியாது.

நம் சாலைகளில் பிக்கப் பெருகியது அதற்குப் பின்னால்தான். டாடாமொபைல் 1988இல் வந்தது, டாடா ஏஸ் 2005இல், அசோக் லேலண்டின் தோஸ்த் 2011இல். பொலேரோ பிக்கப்பைச் சொல்லவே வேண்டாம், பொள்ளாச்சித் தேங்காயும் ஈரோட்டு மஞ்சளும் திருப்பூர் பனியன் மூட்டையும் அதில்தான் போகின்றன. லாரியின் வேலையை வாங்குகிறோம், ஆனால் உள்ளே இருப்பது லாரி கிளட்ச் அல்ல. குறித்த எடைக்கு மேல் ஏற்றி, மேட்டில் ஹாஃப் கிளட்சில் நிறுத்தி வைத்தால் எந்தக் கம்பெனிப் பிளேட்டும் தாங்காது.

இப்போது அந்த மாணவரின் கேள்விக்கு வருகிறேன்.

லைனிங் மட்டும் அடிப்பது, பாகம் கிடைக்காத காலத்தின் வழி. அந்தக் காலம் போய்விட்டது. ஓசூரிலும் சென்னையிலுமே கிளட்ச் செய்கிறார்கள், நஞ்சப்பா ரோட்டுக்குப் போனால் அன்றைக்கே கையில் கிடைக்கும். பிளேட் மட்டும் புதிதாகப் போட்டால், சூடேறி அயர்ந்த பழைய பிரஷர் பிளேட் அதைச் சரியாக அழுத்தாது. ரிலீஸ் பேரிங் ஆறு மாதம் கழித்துக் கத்தினால் கியர்பாக்ஸை மறுபடி இறக்க வேண்டும், கூலியும் இரண்டு மடங்கு. அதனால் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றும் சேர்ந்த செட்டாகவே போடு என்றேன். மலைக்கு வலுவாக இருக்கட்டும் என்று செராமிக் பட்டன் பிளேட் போடச் சொல்பவர்களும் உண்டு. அது வெடுக்கென்று பிடிக்கும், அந்த அடி முழுதும் கியர்பாக்ஸுக்கும் ஆக்ஸிலுக்கும் போகும். பிக்கப்புக்கு வேண்டாம்.

பழைய பட்டறைகளில் நாம் விடக் கூடாத பாடம் ஒன்று உண்டு. அவர்கள் பாகத்தை மாற்றுமுன், அது ஏன் போனது என்று பார்த்தார்கள். நீங்களும் பக்கத்தில் நின்று பாருங்கள். பிளேட்டில் எண்ணெய் இருந்தால் எஞ்சின் பின் சீலோ கியர்பாக்ஸ் சீலோ ஒழுகுகிறது, அதை மாற்றாமல் புது பிளேட் போடுவது வீண். ஃப்ளைவீலில் நீலத் திட்டோ வெடிப்போ இருக்கிறதா, பைலட் பேரிங் சுற்றுகிறதா, மாஸ்டர் சிலிண்டரில் கசிவு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஒரே பெயர் வண்டியிலும் வருஷத்துக்கு வருஷம் பிளேட்டின் விட்டமும் நடுவில் உள்ள பல் எண்ணிக்கையும் மாறும். சேஸிஸ் நம்பரைக் கொடுத்து வாங்குங்கள், பழையதை மேலே வைத்து ஒப்பிடுங்கள், பில் வாங்குங்கள்.

கல்நார் பற்றிச் சொல்கிறேன் என்றேனே. எல்லா வகைக் கல்நாரும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பழைய தலைமுறை மெக்கானிக்குகள் அந்தத் தூசியைக் காற்றடித்து ஊதித்தான் வேலை செய்தார்கள். கல்நார் இல்லாதது என்று டப்பாவில் போட்டிருக்கிறதா பாருங்கள். பட்டறை வைத்திருக்கும் கண்ணுகளே, தூசியை ஊதாதீர்கள், ஈரத் துணியால் துடையுங்கள், முகத்துக்கு மாஸ்க் போடுங்கள்.

செலவைப் பார்த்துத் தள்ளிப் போடுகிறவர்களுக்கு ஒன்று. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 14 கொண்டை ஊசி வளைவு, திம்பத்தில் 27, ஆழியாரிலிருந்து வால்பாறைக்கு 40. ஏற்றத்தில் கிளட்ச் வழுக்கினால் வண்டி நிற்கும், அவ்வளவுதான். இறக்கத்தில் கிளட்ச் பிடி விடாவிட்டால் கீழ் கியர் விழாது. கியர் நியூட்ரலில் மாட்டிக்கொண்டால் எஞ்சின் தாங்கிப் பிடிப்பது போய், முழுச் சுமையும் பிரேக் தலையில் இறங்கும். சூடேறிய பிரேக் கைவிட்ட கதைகள் நம் மலைப் பாதைகளில் எத்தனையோ.

இன்றைக்கே ஒரு சோதனை செய்யுங்கள். சமதளத்தில், முன்னால் யாரும் இல்லாத இடத்தில், ஹேண்ட் பிரேக்கை முழுக்க இழுத்து, நான்காம் கியரில் கிளட்சை மெல்ல விடுங்கள். எஞ்சின் உடனே அணைந்தால் நல்லது. அணையாமல் ஓடிக்கொண்டே இருந்தால் கிளட்ச் வழுக்குகிறது. அடுத்த லோடு ஏற்றுமுன் பட்டறைக்குப் போங்கள்.

அந்த மாணவர் முழு செட் போட்டுவிட்டார், பின் சீலும் சேர்த்து மாற்றியிருக்கிறார். மெக்கானிக் மாணவர்கள் நான் விட்டதைக் கீழே எழுதுங்கள், எல்லாருக்கும் உதவும். மலைக்கு லோடு ஓட்டும் மச்சான், மாப்பிள்ளைமார் யாராவது இருந்தால் இதை அனுப்பி வையுங்கள்.