பிறப்பா, சேர்க்கையா? வடசென்னைச் சிறாரும் இரு சட்டங்களின் வரலாறும்

முன்னுரை

சிறார் குற்றத்திற்குக் காரணம் பிறப்பா, சேர்க்கையா என்னும் வினாவிற்குச் சென்னை மாகாணத்தில் நடைமுறைக்கு வந்த இரு சட்டங்கள், பத்தாண்டு இடைவெளியில் முரண்பட்ட விடைகளை அளித்தன. அவற்றுள் எவ்விடை வடசென்னைச் சிறாரைப் பற்றிய இன்றைய பொதுப்பேச்சில் நிலைத்துள்ளது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

இரு விடைகள்

1871ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம், 1911ஆம் ஆண்டின் புதிய வடிவில் சென்னை மாகாணத்திற்கும் வந்தது. குறிப்பிட்ட சமூகத்தில் பிறந்ததையே குற்ற இயல்பிற்குச் சான்றாக அது கொண்டது. 1920ஆம் ஆண்டின் சென்னைக் குழந்தைகள் சட்டம், இந்திய மாகாணங்களில் இவ்வகையில் முதலாவதாகும். திருடர் எனப் பெயர்பெற்றவருடன் பழகும் சிறுவனை, அவன் குற்றம் இழைக்காத நிலையிலும், நீதிமன்றத்தின் முன் நிறுத்த இச்சட்டம் இடமளித்தது. ‘சிற்றினம் சேராமை’ என ஓர் அதிகாரமே வகுத்த திருக்குறளைப் பயின்ற சமூகத்திற்கு இக்கருத்து புதிதன்று. குற்றம் நெருங்கிய குழுவிற்குள் கற்கப்படுகிறது என்னும் கோட்பாட்டை எட்வின் சதர்லண்ட் 1939இல்தான் முன்வைத்தார். எனினும், தீய சேர்க்கையை அஞ்சிய சட்டமே குற்றமிழைத்த சிறாரைச் சான்றிதழ்ப் பள்ளிகளில் ஒருங்கே சேர்த்து வைத்தது என்பது கருதத்தக்க முரணாகும்.

வட்டாரமும் குழுவும்

1856இல் இராயபுரத்தில் தொடர்வண்டி நிலையம், பின்னர்த் துறைமுகம், எண்ணூரில் அசோக் லேலண்ட் என விரிந்த தொழில்வளர்ச்சி, உழைப்பாளர் குடியிருப்புகளைப் பெருக்கியது. சிகாகோவை ஆராய்ந்த ஷா, மெக்கே ஆகியோர், தொழிற்பகுதியை ஒட்டிய குடியிருப்புகளில் மக்கள் மாறியபோதும் சிறார் குற்ற வீதம் உயர்ந்தே நின்றதை 1942இல் காட்டினர். குற்றத்தின் வேர் குருதியில் இல்லை, வாழ்சூழலில் உள்ளது என்பதே அதன் பொருள். வடசென்னையின் குத்துச்சண்டைப் பயிற்சிக்கூடமும் கேரம் மன்றமும்கூடச் சிறார் குழுக்களே. பூட்டுடைக்கும் நுட்பத்தைப் போலவே ஆட்ட நுணுக்கமும் ஒழுங்கும் தோழரிடமிருந்தே கற்கப்படுகின்றன. ஆகவே, தோழமையின் வலிமையை மட்டும் கொண்டு அதன் திசையைத் தீர்மானிக்க இயலாது.

முடிவுரை

குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இல் நீக்கப்பட்டது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 74ஆம் பிரிவின்வழி, சிறாரின் பெயர், முகவரி, பள்ளி முதலியவற்றை வெளியிடத் தடை விதிக்கிறது. ஆனால் ‘வடசென்னைச் சிறுவன்’ என்னும் அடைமொழி எவரையும் தனித்து அடையாளம் காட்டாததால் அத்தடைக்குள் அடங்குவதில்லை. அதனாலேயே அதன் பழி அவ்வட்டாரச் சிறார் அனைவர்மீதும் படிகிறது. 1911ஆம் ஆண்டின் விடை, சாதியின் இடத்தில் வட்டாரத்தை வைத்து மீள்கிறது. ஒரு சிறுவன் எங்குப் பிறந்தான் என்பதைவிட, யாருடன் சேர்ந்தான், சேர்வதற்கு அவனுக்கு வேறு எந்தக் குழு இருந்தது என வினவுவதே ஆய்வாளர் கடமையாகும்.